பாப்பாவை முந்திய நாள்

டிப்போவில் அவளுக்குப் பெயரே பதினேழுதான். பதினேழாம் நம்பர் பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டினாள். கடைசி ஒன்பது வருஷம் நான் அவளுக்குக் கண்டக்டர். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்தில் பொறித்திருந்த சொந்தப் பெயரைப் படித்துவிட்டு, "இது யாரோடது, மாத்திக் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

ஓட்டுவதில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. பஸ் நின்றதும் தெரியாது, கிளம்பியதும் தெரியாது. நெரிசலில் கம்பியைப் பிடிக்காமல் நின்றபடி நான் டிக்கெட் கிழிப்பேன். குறை என்றால் ஒன்றுதான். அடுத்தவருக்கு ஒரு நல்லது நடந்தால் அவளுக்கு ஆகாது. கெட்ட மனசு என்று சொல்ல மாட்டேன். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் இருபத்திரண்டாம் நம்பருக்குப் புது பஸ் வந்தபோது அந்த டிரைவரோடு இரண்டு வாரம் பேசவில்லை. எனக்குச் சிறந்த கண்டக்டர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கித் தடவிப் பார்த்தாள். "நல்ல பேப்பர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். எனக்குக் கிடைத்த வாழ்த்து அதுதான்.

அவள் புருஷனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை. நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் வாயை மூடிக்கொண்டு இருப்பவர், வீட்டுக்குள் காலை வைத்ததும் சேர்த்துவைத்ததை எல்லாம் கொட்டுவார். பிள்ளைகள் இரண்டும் வேலை, குடும்பம் என்று வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. அவள் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் இரண்டு பேருமாகப் போய் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினார்கள். பன்னிரண்டு வருஷத்து டீசல் வண்டி. பின்னால் கட்டில், நடுவில் மடக்கு மேஜை, ஒற்றை அடுப்பு, ஓர் ஆள் திரும்ப முடியாத குளியலறை. "வீட்டுவண்டி" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார் என்பது ஏற்பாடு. அவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்ட வராது.

முதல் பயணம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது பயணத்திலிருந்து பாப்பா வந்து சேர்ந்தாள்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. அவருடைய தங்கை. வயது நாற்பத்தெட்டு. பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. அவர் அவளைப் பிறந்த நாளிலிருந்து பாப்பா என்று கூப்பிட்டுவருகிறார், மாற்றிக்கொள்ளவில்லை. "தலை நரைச்ச பாப்பா" என்பாள் பதினேழு, அதுவும் என்னிடம் மட்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஏனென்றால் பாப்பாவின் கணவர் இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து வயிறெரிகிறது என்று எந்த வாயால் சொல்வது? பதினேழு எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள். விழுங்கியது உள்ளே போய்க் கிடந்து புளித்தது.

அந்தப் பாப்பா, அதுவரை ஸ்கூட்டருக்கு மேல் எதையும் தொடாதவள், ஓட்டக் கற்றுக்கொண்டு, உரிமம் எடுத்து, ஒரு வீட்டுவண்டி வாங்கினாள். பழசு இல்லை. போன வருஷத்து வண்டி. பெரிய இன்ஜின். பின்னால் பார்க்க கேமரா, மெத்தென்ற இருக்கை, தானே விரியும் பந்தல்.

"அண்ணி, உங்களைப் பாத்துத்தான் எனக்கு ஆசையே வந்தது" என்றாள் பாப்பா.

"நல்லது" என்றாள் பதினேழு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். டயரைக் காலால் தட்டினாள். "ஸ்டெப்னி எங்க வச்சிருக்காங்க? இதுல எடுக்கக் கஷ்டம்" என்று ஒரு குறையைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு சீராக வந்ததாம்.

நகரத்திலிருந்து ஐந்து மணி நேரத் தூரத்தில் மலைமேல் ஓர் ஏரி. கரையில் வீட்டுவண்டிகள் நிறுத்த இடம், குடிநீர்க் குழாய், கரண்டு எல்லாம் உண்டு. அங்கே போவதென்று முடிவாயிற்று. கிளம்பும்போது அவர் சட்டைப்பையில் கண்ணாடிக்கூட்டைச் செருகிக்கொண்டு சொன்னார்:

"பாப்பா மலையில தனியா ஓட்டுறது இதுதான் முதல் தடவை. நான் அவகூட ஏறிக்கறேன். உனக்கென்ன, நீ கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டிடுவ."

பாராட்டுத்தான். ஆனாலும் பக்கத்து இருக்கை காலி.

சமவெளி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏற்றம் ஆரம்பித்ததும் வீட்டுவண்டி முனக ஆரம்பித்தது. அது தானியங்கி கியர். மூன்றாவதில் போட்டு இழுக்கும், வேகம் வந்ததாக நினைத்து நான்காவதுக்குத் தாவும், மூச்சு போய்விடும், திரும்ப மூன்றாவதுக்கு விழும். ஒவ்வொரு தடவையும் அலமாரியில் தட்டுகள் குலுங்கும். இருபத்தாறு வருஷம் கியரைத் தன் கையால் போட்டவளுக்கு அதைக் கேட்டுக்கொண்டிருப்பது, தெரியாதவன் சைக்கிள் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. பின்னால் நான்கு லாரிகள் வரிசை கட்டின. ஒருத்தன் ஹாரனில் இருந்து கையையே எடுக்கவில்லை. முன்னால் போன பாப்பாவின் வண்டி மூன்றாவது வளைவிலேயே மறைந்துவிட்டது.

மேலே போய்ச் சேர்ந்தபோது பந்தல் விரித்து, நாற்காலி போட்டு, அண்ணனும் தங்கையும் டீயே குடித்து முடித்திருந்தார்கள். பக்கத்து வண்டிக்காரர்கள் மூன்று பேர் அவர்களைச் சூழ்ந்து நின்றார்கள். இடத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி, "இந்தம்மா என்னமா ஓட்டுறாங்க! அவ்வளவு பெரிய வண்டியை ஒரே மூச்சுல கொண்டாந்துட்டாங்களே" என்றான். பிறகு பதினேழைப் பார்த்து, "நீங்க மெதுவா வாங்க, ஒன்னும் அவசரமில்ல, பழகப் பழக வந்துடும்" என்று தைரியம் சொன்னான்.

அவள் புருஷன் அதைக் கேட்டுச் சிரித்தார். "டேய், அவ யாரு தெரியுமா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரிக்க மட்டும் செய்தார்.

"நாக்கைப் பிடுங்கிக்கலாம்னு இருந்துச்சுடி" என்றாள் என்னிடம். "லைசென்ஸ் வாங்கி நாலு மாசம் ஆனவளை என்னமா ஓட்டுறாங்கறான். ஓட்டுறது இவளா? அந்த இன்ஜின் ஓட்டுது. இவ சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

அடுத்த பயணத்திலும் அவர் பாப்பா வண்டியில் ஏறினார். அதற்கடுத்த தடவை கேட்கவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனார். பதினேழு தனியாகப் பின்தொடர்ந்தாள். தூரத்தில் அந்த வண்டியின் பின்பக்கம் தெரியும்வரை அதையே பார்த்துக்கொண்டு போவாள். உள்ளே என்ன பேசுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று தானே கற்பனை செய்துகொள்வாள். தன்னைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று ஒரு வளைவில் தோன்றும். தன்னைப் பற்றிப் பேச்சே வராது என்று அடுத்த வளைவில் தோன்றும். இரண்டாவதுதான் அதிகமாக எரிந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் வேகம்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தன் வண்டி முன்னால் போனால் அவர் தன் வண்டியில் இருப்பார். அவ்வளவுதான் கணக்கு.

டிப்போ மெக்கானிக் ஒருவரிடம் கேட்டாள். அவர், டயர் கடைக்குப் பின்னால் இருக்கும், இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றிக் கொடுக்கும் ஒரு டியூனர்காரரிடம் அனுப்பினார். மெக்கானிக் ஷெட் என்றால் தரையெல்லாம் ஆயிலாக இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு அந்த இடம் ஆச்சரியமாக இருந்தது. துடைத்துவைத்த சிமெண்டுத் தரை, ஒரு மேஜை, லேப்டாப், சுவரில் வரிசையாக மாட்டிய வயர்கள். அந்த ஆள் கையைக்கூட அழுக்காக்கிக்கொள்ளவில்லை. வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அவளைப் பார்த்துக் கேட்டார்:

"யாரை முந்தணும்?"

"யாரையும் இல்லையே. ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது."

"சரி. இங்க வர்றவங்க பாதிப்பேர் யாரையோ முந்தத்தான் வர்றாங்க. அதான் கேட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் அவளையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து மேம்பாலத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயைத் தடவினார். மடிப்பில் ஒரு வெடிப்பு. "காத்து இங்கேயே போயிடுது. பாதி வியாதி இதுதான்" என்று அதை மாற்றினார். பிறகு சோப்புக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகினார். அதோடு சேர்ந்த சின்னத் திரையை டாஷ்போர்டில் ஒட்டினார்.

"இது மந்திரம் இல்லீங்க. கம்பெனிக்காரங்க எல்லா ஊர் டீசலுக்கும், எல்லா எடைக்கும், எல்லா மாதிரி ஓட்டுறவங்களுக்கும் சேத்துப் பொதுவா ஒரு அளவு வச்சு அனுப்புறாங்க. நான் உங்க வண்டி எடைக்குத் தகுந்த மாதிரி அதை மாத்தி எழுதறேன். எவ்வளவு டீசல், எப்பப் போகணும், கியர் எப்ப மாறணும், அவ்வளவுதான். மூணு நிலை இருக்கு. சிக்கனம், சுமை, வேகம். மலைக்கு சுமை போதும்."

"அப்ப வேகம் எதுக்கு?"

"நல்ல ரோட்டுல, கொஞ்ச நேரத்துக்கு, ஒரு வண்டியைத் தாண்டணும்னா." அவர் திரையில் ஓர் எண்ணைக் காட்டினார். "இதை மட்டும் பாத்துக்கோங்க. கியர் பெட்டியோட சூடு. நூத்திப்பத்தைத் தாண்டினா காலை எடுத்துடணும். அடம் பிடிக்கக் கூடாது."

"இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவ நான்."

"அப்ப சொல்லவே வேண்டாம்" என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் நேரே போகாமல் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். சுமை நிலையில் வைத்தாள். காலை அழுத்தியதும் வண்டி உடனே கேட்டது. முன்பெல்லாம் அழுத்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம், அதற்குப் பிறகுதான் அசையும். இப்போது ஏற்றத்தில் மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு, தாவாமல், தடுமாறாமல், மேலே போகும்வரை ஒரே குரலில் போயிற்று. அலமாரியில் ஒரு தட்டு அசையவில்லை. உச்சியில் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாளாம். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு வண்டி தன் பேச்சைக் கேட்கிறது என்ற சந்தோஷம். அந்த சந்தோஷத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. திரையைப் பார்த்து அவர் கேட்டால் மணி காட்டுவது என்று சொல்லிவிட நினைத்திருந்தாள். கேட்க அவர் அந்த வண்டியில் ஏறினால்தானே?

அடுத்த மாதம் திரும்பவும் ஏரிக்குக் கிளம்பினார்கள். அவர் வழக்கம்போல பாப்பா வண்டியில். அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தினார்கள். "மேல போய் அடுப்பைப் பத்த வச்சு வைக்கிறோம், நீங்க நிதானமா வாங்க அண்ணி" என்றாள் பாப்பா. அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். பதினேழுக்கு அது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது மாதிரி இருந்தது.

முதல் நான்கு வளைவும் பின்னாலேயே போனாள். இந்தத் தடவை பாப்பாவின் வண்டி மறையவில்லை. ஐந்தாவது வளைவு தாண்டினால் பாதை அகலமாகி, ஏறும் பக்கம் இரண்டு வரிசையாகும். அது அவளுக்குத் தெரியும். அங்கே வந்ததும் திரையைத் தொட்டு, வேகத்துக்கு மாற்றினாள்.

வண்டி தாவியது. பாப்பாவின் பின்பக்கம் பெரிதாகி, பக்கவாட்டில் வந்து, ஜன்னலுக்கு ஜன்னல் நேராக நின்றது. பதினேழு ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது வேறு. பாப்பாவின் முகம் சுண்டும், அவர் வாயைப் பிளப்பார், அதைப் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். ஆனால் பாப்பா குழந்தை மாதிரிக் கையைத் தட்டாத குறையாகச் சிரித்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவரோ முன்னால் ரோட்டைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தன் பெண்டாட்டி தாண்டிப் போவதை அவர் பார்க்கக்கூட இல்லை.

"அதுக்கு அவ அழுதிருந்தாக்கூடப் பரவாயில்லடி" என்றாள் என்னிடம்.

முந்தியாயிற்று. இனி சுமைக்கு மாற்றிவிட்டு நிதானமாகப் போகலாம். கை போகவில்லை. முந்தினால் போதாது, அவர்கள் கண்ணுக்கே எட்டாமல் போய்விட வேண்டும், மேலே போய் பந்தலை இவள் விரித்து, டீயை இவள் குடித்து முடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. காலை இன்னும் அழுத்தினாள்.

திரையில் நூற்று நான்கு. எட்டாவது வளைவில் நூற்று எட்டு. பத்தாவது வளைவில் நூற்றுப் பதினொன்று. பார்த்தாள். பார்க்காதது மாதிரி இருந்தாள். கண்ணாடியில் பாப்பாவின் வண்டி சின்னதாகத் தெரிந்தது. இன்னும் தெரிகிறதே என்றுதான் நினைத்தாள். நூற்றுப் பதினான்கு. ஏதோ பொசுங்கும் வாடை. டிப்போவில் புது டிரைவர் யாராவது இப்படி ஓட்டியிருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறக்கிவிட்டிருப்பாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நூற்றுப் பத்தொன்பது.

உச்சிக்கு இரண்டே வளைவு மிச்சம். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஒரு கியரிலேயே பிடிவாதமாக நின்றுகொண்டது. எவ்வளவு மிதித்தாலும் ஆள் நடக்கும் வேகம்தான். தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இன்ஜினின் கம்ப்யூட்டர் அப்படிச் செய்யுமாம். ஓரத்தில் ஒதுங்க இடம் இருந்ததால் அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

பாப்பாவின் வண்டி தாண்டிப் போகவில்லை. பின்னாலேயே வந்து நின்றது. முதலில் இறங்கி ஓடிவந்தது பாப்பாதான்.

"அண்ணி! உங்களுக்கு ஒன்னும் ஆகலையே?"

"எனக்கென்ன? வண்டிதான் சூடாயிடுச்சு. பழைய வண்டி."

அவர் மெதுவாக வந்து கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கண்ணாடி விற்கும் கடையில் முப்பது வருஷம் இருப்பவருக்குப் புதிதாக முளைத்த திரை உடனே கண்ணில் பட்டது. "இது என்ன?"

மணி காட்டுவது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து அதில் நூற்றுப் பதினெட்டு என்று எரிந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னாள். குழாய் மாற்றியது, பெட்டி செருகியது, மூன்று நிலை, எல்லாவற்றையும்.

"எதுக்கு?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அந்த "எதுக்கு" போதுமாக இருந்தது. அவள் இறங்கினாள்.

"நீங்க எந்த வண்டியில வந்திருக்கணும்?"

"பாப்பா தனியா வர்றாளேன்னு..."

"நான் மட்டும் ஊர்வலமாவா வர்றேன்? என் பின்னாடி பாத்திரமும் தலகாணியும்தான் வருது. அஞ்சு மணி நேரம். ஒரு தடவை திரும்பிப் பாத்திருப்பீங்களா? இப்ப பக்கத்துல தாண்டிப் போனேன், அதையாவது பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சுக்காரர்தான், ஆனால் கோபம் வந்தால் நிதானமாகப் பேசுவார்.

"உன்கூட வந்தாலும் நான் தனியாத்தான் வரணும்" என்றார்.

"என்னது?"

"ஸ்டியரிங்ல கை வச்சா நீ வாயைத் திறக்க மாட்ட. முதல் பயணம் ஞாபகம் இருக்கா? ஆறு மணி நேரம். எட்டு தடவை பேச்சு ஆரம்பிச்சேன். எட்டுக்கும் 'ம்'. ஒன்பதாவது தடவை ஆரம்பிச்சப்ப, 'வளைவு வருது, சும்மா இருங்க'ன்ன. கடையிலதான் நாள் பூரா வாயை மூடிட்டு இருக்கேன். வண்டியிலயுமா? இந்த வண்டிக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் வேகம் கூட்டினா நான் சீக்கிரமா சும்மா உக்காந்துட்டு வருவேன். அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று எனக்கும் தெரியும். பஸ்ஸில் அவள் தலைக்கு மேலே, ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று பலகை உண்டு. எல்லா பஸ்ஸிலும்தான் உண்டு, ஆனால் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான். ஒன்பது வருஷம் ஓடும் பஸ்ஸில் நானும் அவளும் விசிலில்தான் பேசிக்கொண்டோம். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ.

பாப்பா இதுவரை தன் வண்டிப் படியில் உட்கார்ந்து காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து வந்தாள்.

"அண்ணா, இனிமே நீ அந்த வண்டியிலயே ஏறு. கோவமா சொல்லல. நானா உன்னைக் கூப்பிட்டேன்? நீயாத்தான் பைய தூக்கிட்டு வர்ற. என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இந்த வண்டியை வாங்கினதே, கொஞ்ச நேரம் தனியா, பாட்டுக் கேட்டுக்கிட்டு, எங்கயாவது போகணும்னுதான். நீ அடிவாரத்துல ஆரம்பிச்சா உச்சியிலதான் நிறுத்தற. சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு சும்மா இருந்தேன்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி பேச மாட்டாள், ஒருத்தி பேசவிட மாட்டாள். பாவம், எந்த வண்டியிலும் இடமில்லாத மனிதராகச் சாலை ஓரத்தில் நின்றார்.

பதினேழுக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்ததாம். கூடவே இன்னொன்றும் வந்தது. அவர் அவ்வளவு பிரியமாகப் பேசியதை எல்லாம் பாப்பா வேண்டா வெறுப்பாகப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தனக்குக் கிடைக்காததை அவள் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கும் வயிறு எரிந்தது.

நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா டீ போட்டாள். வண்டியை அணைத்துத் திரும்பக் கிளப்பியதும் மஞ்சள் விளக்கு போயிருந்தது. கிளம்பும்போது பாப்பா ஆசையாகக் கேட்டாள்: "அண்ணி, அந்தப் பெட்டி எனக்கும் ஒன்னு போட்டுத் தருவாங்களா?"

"அது பழைய வண்டிக்கு மட்டும்தான்" என்றாள் பதினேழு, கண்ணைச் சிமிட்டாமல்.

ஊர் திரும்பியதும் டியூனர்காரரிடம் போனாள். அவர் பெட்டியை லேப்டாப்பில் மாட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார். அன்றைய பயணம் முழுவதும் அதில் ஒரு கோடாகப் பதிவாகியிருந்தது. சூடு ஏறிய இடத்தில் கோடு மலை மாதிரி நின்றது.

"இங்க காலை எடுத்திருக்கணும்" என்று விரலை வைத்தார். "இங்கயும். இங்கயும். நூத்திப்பத்துக்கு மேல பதினொரு நிமிஷம் அழுத்தியிருக்கீங்க. தெரியாம நடந்ததா?"

"தெரிஞ்சுதான்."

அவர் லேப்டாப்பை மூடினார். பக்கத்து ஷெட்டில் கியர் ஆயிலை இறக்கினார்கள். கருகி, காப்பி நிறத்தில் வந்தது. நல்லவேளையாகக் கியர் பெட்டிக்குள் எதுவும் உடையவில்லை. புது ஆயில் ஊற்றி, கூடவே சூடு தணிக்கும் சின்ன ரேடியேட்டர் ஒன்றும் பொருத்தினார்கள். "வேகம் நிலையை எடுத்துடட்டுமா?" என்று அவர் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டதாம். பொறாமைக்காக அழவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட அவள் கெடுத்ததில்லை. "எடுத்துடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு சுமை நிலையிலேயே ஓட்டுகிறாள். வண்டி நல்ல வண்டியாகிவிட்டது. ஏற்றத்தில் அதிராமல் போகிறது, பின்னால் லாரிகள் ஹாரன் அடிப்பதில்லை. பாப்பாவைவிடப் பத்து நிமிஷம் பின்னால் போய்ச் சேருகிறாள். அவர் இப்போது இவள் வண்டியில்தான் வருகிறார்.

பேசுவது சுலபமாக இல்லை. முதல் தடவை ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனார்களாம். கடைசியில் அவள்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸில் நடந்தது ஒன்றைச் சொன்னாள். எனக்கு முந்தைய கண்டக்டர் காலத்தில் நடந்தது. ஒரு பயணி ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் ஏறியிருக்கிறான். இவள் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பின்னால் பார்த்தால், பஸ்ஸுக்குள்ளேயே இன்னொரு பஸ், அதில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு இன்னொரு டிரைவரம்மா. "யாரு இவ, என் பஸ்ஸுல, என்னைவிட நல்லா நிமிர்ந்து உக்காந்துட்டு? அவமேல அப்படி ஒரு எரிச்சல் வந்துச்சுங்க. பிரேக்கே போட்டுட்டேன்" என்றாளாம். அவர் சிரித்த சிரிப்பில் மூக்கிலிருந்த கண்ணாடி மடியில் விழுந்தது. எதிரே வளைவு வந்தது. அவள் சும்மா இருங்க என்று சொல்லவில்லை.

அந்தக் கதையை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் பக்கத்தில் இருந்திருக்கிறேன். எனக்கே கொஞ்சம் சுருக்கென்றது.

அப்புறம் ஒரு நாள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"என்ன ஆச்சு?"

"ஏரிக்கரையில உக்காந்து அந்தக் கண்ணாடிக் கதையை அப்படியே பாப்பாகிட்டச் சொல்லிட்டார்டி. என் குரல்லயே சொல்றார். அவ விழுந்து விழுந்து சிரிக்கறா."

"சிரிக்கத்தானே சொன்ன?"

"அவர் சிரிக்கத்தான் சொன்னேன், அவ சிரிக்க இல்ல."

இப்போதெல்லாம் வண்டி அடிவாரம் தாண்டியதும், "இது உங்களோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்கிறாளாம். அவரும் தலையாட்டுகிறாராம். சாயங்காலம் இவள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருக்கும்போது, பாப்பாவின் பந்தலுக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறதாம். எந்தக் கதை, எந்த இடம் என்று சிரிப்பை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிடுகிறதாம்.